டெலிவிஷனில் எங்கள் பாட்டு

டெலிவிஷன் மெல்லிசை நிகழ்ச்சியில் நானும் அம்சாவும் பாடியதைப் பார்க்க, சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைக்காரர் வீட்டுக் கூடத்தில் தெருவே கூடியிருந்தது. எங்கள் தெருவில் அந்த ஒரு பெட்டிதான்.

"நேர்லயே பாடினீங்களா, வேணி?" என்றார் பக்கத்து வீட்டு சிட்டிபாபு அண்ணன்.

"இல்லண்ணா. முன்னாடியே ஒரு ஸ்டூடியோவுல பாடி, டேப்புல புடிச்சிட்டாங்க. இது சும்மா வாயசைக்கிறதுதான்."

"அதனால இன்னாம்மா? குரல் உங்களுதுதானே!"

ஸ்டூடியோவில் பாடி முடித்த அன்று ஒலிப்பதிவு செய்தவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உன் குரல் எடுபடலம்மா. அம்சா குரலையே ரெண்டு தரம் பதிஞ்சு சேர்த்துட்டோம். அதுகிட்ட சொல்லாதே, சங்கடப்படும்."

டேப்பைக் கொஞ்சம் ஓட்டிக் காட்டினார்.

"அம்சா குரல் மாதிரி இல்லியே சார்?"

"டேப்புல அப்படித்தான் கேக்கும்."

அன்றிலிருந்து அம்சாவின் முகத்தைப் பார்த்து என்னால் பேச முடியவில்லை. அவளும் என்னிடமிருந்து ஒதுங்கியே இருந்தாள். எனக்கு இருந்த தோழி அவள் ஒருத்திதான்.

பாட்டு முடிந்து வெளியே வந்ததும் சொல்லிவிட்டேன். "அதுல என் குரலே இல்லடி. ரெண்டும் உன்னுது."

அம்சா நின்றுவிட்டாள். "இன்னாடி சொல்ற? ரெண்டும் உன்னுதுன்னு அந்த ஆளு எங்கிட்ட சொன்னாரே! நீ வருத்தப்படுவேன்னுதான் நான் வாயைத் தொறக்கல."

உள்ளே இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

எந்த ஊரிலோ, யார் வீட்டுக் கூடத்திலோ, தன் குரலுக்கு நாங்கள் வாயசைப்பதை ஒருத்தி பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். பக்கத்தில் இருந்தவர்களிடம் அவளும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள்.