நார்ச்சத்தின் பலன்

"தெனமும் ரெண்டு ஆரஞ்சு, டாக்டர். நார்ச்சத்து வீணாயிரக் கூடாதுன்னு ஜூஸ் போடாம முழுசாத்தான் குடுக்கேன். இவுகளும் மாடிக்குக் கொண்டுபோயி, தோலைக்கூட மிச்சம் வைக்காம சாப்பிடுதாவ" என்று தென்காசி டாக்டரிடம் கணவரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாள் பிச்சம்மாள்.

"தோலையுமா? ஒரு மாசமாகியும் மலச்சிக்கல் தீரலையா, அண்ணாச்சி?"

தாணுமாலயன் தரையைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு பழம் சேத்துக் குடுங்கம்மா."

ஆட்டோவில் குற்றாலத்து வீட்டுக்குத் திரும்பினார்கள். மாடிப்படியில் காத்திருந்த குரங்கு ஒன்று தாவி வந்து, தாணுமாலயனின் வேட்டியைப் பிடித்து இழுத்து, உரிமையோடு கையை நீட்டியது.

பிச்சம்மாள் குரங்கைப் பார்த்தாள். பிறகு, படியோரம் நிறுத்தியிருந்த அவருடைய ஸ்கூட்டர் சீட் முழுக்க அது ஆய் போய் வைத்திருந்ததைப் பார்த்தாள்.

"டாக்டரைக் குத்தம் சொல்லப்பிடாது. நார்ச்சத்து நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு!"