உள்ளே நின்று எடுத்த அளவு

பலகை பொருந்தவில்லை.

அவள் பலகையில் தண்டவாளம் முடிகிற இடம் ஒன்று. பக்கத்துப் பலகையில் அது தொடங்குகிற இடம் வேறொன்று. நடுவே ஒரு முழம் இருக்கும்.

ஜெரோம் தலையைச் சொறிந்தார். சங்கத்துச் செயலாளர். ஆண்டுக்கு ஒருமுறை திருச்சியில் ஒரு மண்டபம் பிடித்து, பொம்மை ரயில் பைத்தியங்களை எல்லாம் ஒன்று கூட்டுகிறவர்.

ஆளுக்கொரு பலகை கொண்டுவருவார்கள். பலகையின் மேல் ஒருவர் மலை வைப்பார், ஒருவர் பாலம் கட்டுவார். அது அவரவர் இஷ்டம். ஓரத்தில் மட்டும் இஷ்டம் செல்லாது. இரண்டு ஓரத்திலும் தண்டவாளம் எல்லோருக்கும் ஒரே இடத்தில் முடிய வேண்டும். அப்போதுதான் பலகையோடு பலகை சேரும், மண்டபத்தைச் சுற்றி ரயில் ஓடும். வட்டத்துக்கு வெளியே நின்று ஜனம் பார்க்கும். உள்ளே நின்று வண்டி ஓட்டுவார்கள்.

“விளிம்புலேருந்து எவ்வளவுன்னு அனுப்பியிருந்தேனே மேடம்?”

“அதே அளவுதான் சார் வச்சேன்.”

“எந்த விளிம்புலேருந்து?”

அவள் அவருக்குப் பின்னால் பார்த்தாள். வட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார்.

அப்பா.

இணைப்புகளைப் பார்த்துச் சொல்வது எப்போதும் அவர்தான். கட்டைவிரல் நகத்தை ஒரு பலகையின் தண்டவாளத்தில் வைத்து, அடுத்ததன் மேல் இழுப்பார். நகம் தட்டினால் வண்டி கவிழும். தட்டாவிட்டால் ஒரு ‘ம்’.

அந்த ‘ம்’முக்காகத்தான் அவள் வந்திருந்தாள்.

அமல்ராஜை அவள் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டதிலிருந்து அவர் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போன் செய்தாலும் எடுப்பதில்லை. சரி, வீட்டுக்கு வராத மனிதர் இந்த மண்டபத்துக்கு வராமல் இருப்பாரா? சாப்பாட்டு மேசையில் பலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு தெரு. தெருவில் வரிசையாக வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்டேஷன். காய்ந்த டீத்தூளை மண்ணாகத் தூவினாள். ஊசி முனையால் வாசல்தோறும் கோலம் போட்டாள்.

“மனுசன் வாசலுக்கு வரமாட்டேங்கிறாரு. நீ வாசலையே தூக்கிட்டுப் போறியாக்கும்?” என்று கேலி செய்தான் அமல்ராஜ். கேலி செய்துகொண்டே ஆட்டோவில் ஏற்றியும் விட்டான்.

“நாச்சியப்பன் சார், இவங்க புது மெம்பர்” என்றார் ஜெரோம். அவள் கல்யாணத்துக்குப் பிறகு சங்கத்துக்கு வந்தவர்; இவர்கள் அப்பா மகள் என்பது தெரியாது. “பாவம், அளவு தப்பிடுச்சு. இந்த ஒண்ண விட்டுட்டு மத்ததச் சேத்துடலாமா?”

அப்பா குனிந்தார்.

தெருவைப் பார்த்தார். வாசல்களைப் பார்த்தார். கோலங்களைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். கடைசியாக, வீடுகளுக்குப் பின்னால் ஓடுகிற தண்டவாளத்தைப் பார்த்தார்.

“உள்ள நின்னு அளந்திருக்கு.”

பலகையைச் சொன்னாரா, ஆளைச் சொன்னாரா என்று ஜெரோமுக்குப் புரியவில்லை.

அவளுக்குப் புரிந்தது.

பாவாடை கட்டிய வயதிலிருந்து அவர் பலகைகளை அவள் வட்டத்துக்குள்ளிருந்தே பார்த்திருக்கிறாள். அவர் இடுப்பை ஒட்டி நின்று பசை நீட்டியிருக்கிறாள், விழுந்த திருகாணி பொறுக்கியிருக்கிறாள். அவளுக்கு முன்பக்கம் என்றால் அதுதான். ஜனம் நிற்கிற பக்கம் அவளுக்குப் பின்பக்கம். வீட்டில் தனியாக உட்கார்ந்து அளந்தபோதும் கை அங்கிருந்துதான் அளந்திருக்கிறது.

“திருப்பிப் போடுங்க.”

“திருப்பினா வீடெல்லாம் நம்மளப் பாக்குமே சார். ஜனத்துக்கு முதுகுதான் தெரியும்.”

“தெரிஞ்சுட்டுப் போகுது.”

தூக்கித் திருப்பினார்கள். தண்டவாளம் தண்டவாளத்துக்கு நேரே வந்து நின்றது. ஒரு மயிரிழை இறக்கம்.

“ஒரு பொட்டு ஏத்து.”

யாருக்கென்று இல்லாமல் சொன்னார். அவள் கீழே உட்கார்ந்து பலகைக் காலின் போல்ட்டைத் திருகினாள்.

“போதும்.”

நகம் போயிற்று. தட்டவில்லை.

அவர் ‘ம்’ சொல்லவில்லை. அடுத்த பலகைக்கு நகர்ந்துவிட்டார்.

கதவைத் திறந்ததும் ஜனம் வந்தது. அவள் வட்டத்துக்குள், தன் தெருவுக்கு எதிரே நின்றாள். வெளியே என்ன தெரியும் என்று அவளுக்குத் தெரியும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி ஒட்டிய சுவர்கள். முன்பக்கம் மட்டும்தான் சுண்ணாம்பு அடித்திருந்தாள்.

“ஏய், இங்க வந்து பாருடி. கொல்லைச் சுவத்துல ‘தங்கள் நல்வரவை விரும்பும்’னு போட்டிருக்கு!”

ஒரு கூட்டம் சிரித்தது. அவளுக்குக் காது சூடாயிற்று. அப்பாவுக்குக் கேட்டிருக்கும். எட்டத்தில், வண்டி ஓட்டுகிற கன்ட்ரோலரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதல் வண்டி சங்கத்தில் மூத்தவரான அப்பாவுடையது. டீசல் எஞ்சின், பின்னால் நீலப் பெட்டிகள். எக்ஸ்பிரஸ். சுற்று முடியும்வரை அது எங்கும் நிற்காது. அது சங்கத்து வழக்கம்.

வண்டி கிளம்பியது. கன்ட்ரோலரைக் கையில் பிடித்தபடி அவர் உள்வட்டத்தில் கூடவே நடந்தார். மலை போயிற்று. பாலம் போயிற்று. அவருடைய சொந்தப் பலகையும் போயிற்று.

அவள் தெருவுக்குப் பின்னால் வந்ததும் வேகம் குறைந்தது.

நின்றது.

“என்ன சார், எக்ஸ்பிரஸ் நின்னுடுச்சு? லைன்ல கோளாறா?” ஜெரோம் ஓடிவந்தார்.

“லைன் நல்லாத்தான் இருக்கு. தண்ணி பிடிக்கணும்.”

“டீசல் எஞ்சினுக்கா?”

“எஞ்சினுக்கு யாருய்யா கேட்டா?”

அவர் அவளைப் பார்க்கவில்லை.

கன்ட்ரோலரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை அவள் பக்கம் நீட்டினார்.