மஞ்சள் ஏறாத குழி

கடைசிச் சொட்டையும் விட்டுவிட்டு, லேப்காரர் தட்டை ஒரு வெள்ளைத்தாளின் மேல் வைத்தார்.

இனிக் காத்திருப்பதுதான் வேலை.

உள்ளங்கையகலத் தட்டு. அதில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒருவருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நீர். எல்லோரும் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு மெஷினோடு படுத்தவர்கள்.

நுரையீரல் சிதையச் சிதைய ரத்தத்தில் ஒரு புரதம் கூடும். அது கூடிய அளவுக்குக் குழியில் மஞ்சள் ஏறும். அடர் மஞ்சள் என்றால் ஆள் தேறுவது கஷ்டம்.

யாருடைய ரத்தம் என்று சோதிப்பவருக்குத் தெரியக்கூடாது. குப்பிகளில் வெறும் எண்தான். ஆனால் ஒரு குப்பியின் மூடியில் மட்டும் பேனாப் புள்ளி ஒன்று இருந்தது. வார்டிலிருந்து வாங்கி வந்த அன்றே அவர் திருட்டுத்தனமாக வைத்தது.

அது அவர் மனைவியுடையது. அதை ஓரக் குழியில் விட்டிருந்தார்.

அதில் மட்டும் மஞ்சள் ஏற வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

கல்யாணமான புதிதில், சமையலறைக்கு மஞ்சள் பெயின்ட்தான் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். முக்காலி போட்டு ஏறி அவளே அடித்தாள். மூக்கு நுனியில் பெயின்ட் ஒட்டியிருந்ததை இவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. அப்படியே கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தவள், கண்ணாடியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"மஞ்சள்னா எங்க லேப்ல கெட்ட சேதி, தெரியுமா?"

"உங்க லேப்பை லேப்லயே வச்சிட்டு வாங்க. இது என் அடுப்படி."

காலை வெயில் அந்தச் சுவரில் பட்டால் அவள் முகமும் மஞ்சளாகிவிடும். இவர் டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தட்டில் நிறம் ஏறத் தொடங்கியது. ஒன்று, அதன் பக்கத்தில் ஒன்று, பிறகு ஒரு வரிசை முழுக்க.

ஓரக் குழி மட்டும் தண்ணீராகவே நின்றது. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். அப்போதும் ஏறவில்லை.

'கெட்டிக்காரி' என்று வாய்க்குள் சொன்னார். நெஞ்சு நிறைந்தது. அடுத்த கணமே அது கனத்தது.

மகள் வயதிருக்கும் ஆராய்ச்சி டாக்டர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பதினோரு வருஷமா ஃப்ரீசர்ல கெடந்த ரத்தம், எவ்வளவு தெளிவா சொல்லுது பாருங்கண்ணா. இந்த ஓரத்துல இருக்கறவங்க தேறி, அப்பவே வீட்டுக்குப் போயிருப்பாங்க."

லேப்காரர் கையுறையைக் கழற்றினார். ஒரு விரல் மட்டும் வரமாட்டேன் என்றது.

"ஆமா. அப்பவே போயிட்டாம்மா," என்றார்.

வீட்டுக்கு என்று அவர் சொல்லவில்லை. டாக்டருக்கு அது நல்ல சேதியாகவே கேட்டது.