சிவப்புத் தொப்பி

"அடப்பாவி! யார் தொப்பிடா அது உன் தலையில?"

காஸ் போட்ட சத்தத்தில், மார்ஜ் நடத்தும் அந்த பாரே வாசலைத் திரும்பிப் பார்த்தது. ரூடி நின்றிருந்தான். கழுத்து வரைக்கும் ஜிப் போட்ட ஜாக்கெட். தலையில் பளிச்சென்று சிவப்புத் தொப்பி. எதிரி டீம் உல்வ்ஸின் தொப்பி!

ஊரே இன்று நீலத்தில் இருந்தது. பேஸ்பால் பிளேஆஃப் சுற்றில் உள்ளூர் டீம் ஸ்டீமர்ஸ் இவ்வளவு தூரம் வந்ததே அதிசயம். இரண்டு டீமும் ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்து, இன்று கடைசி ஆட்டம். ஜெயித்தால் லீக் கோப்பை. டிக்கெட் கிடைக்காத கூட்டமெல்லாம் மத்தியானமே பாருக்கு வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டது.

காஸுக்கு வருகிற செவ்வாய்க்கிழமை இதய ஆபரேஷன். அதற்கு முன்னால் ஸ்டீமர்ஸ் கோப்பை வாங்குவதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

இது ரூடிக்கும் தெரியும். காஸோடு ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவன். கார் ஷெட்டுக்குக்கூட நீலப் பெயின்ட் அடித்தவன்!

"உல்வ்ஸ்தான் நல்லா ஆடறாங்க. நல்லா ஆடறவன் பக்கம் நான்," என்றான் ரூடி, யார் முகத்தையும் பார்க்காமல்.

"நாப்பது வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் உனக்குக் கண்ணு தெரிஞ்சுதாக்கும்!"

"விடு காஸ். இப்பவே நெஞ்சைப் பிடிச்சுக்கப் போற," என்று மார்ஜ் அவன் முன்னால் இஞ்சி சோடாவை வைத்தாள். பீருக்கு டாக்டர் தடை போட்டிருந்தார்.

பேச்சை மாற்றப் பார்த்தான் பக்கத்து ஸ்டூலில் இருந்த எல்மர். "இந்த லீக் முறையே கோளாறுப்பா. நூத்தி அறுபத்திரண்டு ஆட்டம் ஆடி முதலிடம் வந்தவன் அஞ்சு நாள் ஈ ஓட்டிக்கிட்டு உட்காரணும். கடைசியில தொத்திக்கிட்டு வந்தவன் சூடா இருக்கான், சுலபமா தட்டிட்டுப் போறான்."

"இன்னிக்கு ஆடற ரெண்டு டீமுமே தொத்திக்கிட்டு வந்ததுதான். வாயை மூடு!" என்றான் காஸ். "முறையெல்லாம் நல்ல முறைதான். அந்தக் கடிகாரம்தான் எனக்கு ஆகாது. பந்து போட செகண்டு எண்ணறான்! இதென்ன ரயிலா, நேரத்துக்குக் கிளம்ப? கொஞ்சம் தாமதமானா, போடாத பந்தையே தப்புப் பந்துன்னு கணக்குல ஏத்திடறான்!"

"கடிகாரம் வந்தப்புறம்தான் நான் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போறேன்," என்றான் எல்மர்.

"நீ சாப்பிடறதுக்கா அவன் பேஸ்பால் ஆடறான்?"

மூன்றாவது இன்னிங்ஸில் உல்வ்ஸ் இரண்டு ரன் எடுத்தார்கள். "அப்படிப் போடு!" என்று ரூடி மட்டும் தனியாகக் கைதட்டினான். எல்மர் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

காஸுக்குத் தாங்கவில்லை. "செவ்வாய்க்கிழமை நீ ஒண்ணும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேண்டாம். நான் டாக்ஸி பிடிச்சுக்கறேன்."

ரூடியின் முகம் சுருங்கிப் போயிற்று. தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டான். ஆனால் கைதட்டுவதை நிறுத்தவில்லை.

ஒன்பதாவது இன்னிங்ஸ், அதுதான் கடைசி. நாலுக்கு நாலு சமம். ஸ்டீமர்ஸ் பேட்டிங். மூன்று பேஸிலும் நம் ஆட்கள்!

"மூணு தப்புப் பந்து ஆயிடுச்சு!" எல்மர் ஸ்டூல் நுனிக்கு வந்துவிட்டான். "இன்னும் ஒண்ணே ஒண்ணு தப்பினா போதும். பேட்ஸ்மேன் அடிக்கவே வேண்டாம், மூணாவது பேஸ்ல நிக்கறவன் சும்மா உள்ள நடந்து வந்து ரன் எடுத்துடுவான். கோப்பை நமக்கு!"

காஸ் சோடா டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ரூடி ஸ்டூல் மேலேயே ஏறி நின்றுவிட்டான். டி.வி.யைப் பார்த்து, "அவசரப்படாதே ராஜா! நல்லா மூச்சு விட்டுட்டு, நிதானமா போடு!" என்று அலறினான்.

பந்து போடுகிற உல்வ்ஸ் பிட்சர் நெற்றியைத் துடைத்தான். எதிரே பந்தைப் பிடிக்கிற கேட்சர் காட்டிய சைகைக்கு வேண்டாம் என்று தலையாட்டினான். இன்னொரு சைகைக்கும் தலையாட்டினான். டி.வி. மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று... இரண்டு... ஒன்று...

அம்பயர் கையை உயர்த்தி, மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. போடாத பந்து, நாலாவது தப்புப் பந்து! புரிந்ததும் பாரே கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தியது.

"கடிகாரம் வாழ்க! கடிகாரம் வாழ்க!" என்று மேஜையைக் குத்தியது சாட்சாத் காஸேதான். எல்மரைக் கட்டிக்கொண்டு அழுதான். மார்ஜைக் கட்டிக்கொண்டு அழுதான். அப்புறம், ரூடியை நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கலாம் என்று திரும்பினால், ஸ்டூல் காலி.

வெளியே தன் காரில் சாய்ந்து நின்றிருந்தான் ரூடி. தோள் குலுங்கியது.

"அழுடா, நல்லா அழு! கட்சி மாறினவனுக்கு இதுதான் கதி!" என்றான் தேடிக்கொண்டு வந்த காஸ்.

ரூடி திரும்பினான். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் பல். ஜாக்கெட் ஜிப் திறந்திருந்தது. உள்ளே, சாயம் போன ஸ்டீமர்ஸ் நீலச் சட்டை.

"நாப்பது வருஷமா நான் கைதட்டின அன்னிக்கெல்லாம் நம்ம டீம் தோத்திருக்குடா. 'சனியனே, உன் ராசிக்கு நீ வீட்டிலேயே கிடக்கக் கூடாதா'ன்னு நீதானே திட்டுவ? நீ ஆபரேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது..." அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அதான், என் ராசியை இன்னிக்கு உல்வ்ஸ் பக்கம் அனுப்பி வச்சேன்."

காஸ் கிட்டே வந்தான். ரூடியின் கையில் கசங்கிக் கிடந்த சிவப்புத் தொப்பியை வாங்கி, உதறி, அவன் தலையிலேயே திரும்ப வைத்து அழுத்தினான்.

"செவ்வாய்க்கிழமை காலையில காரை எடுத்துக்கிட்டு வந்துடு. ஆபரேஷன் முடியற வரைக்கும் வெளியில உட்கார்ந்து, 'இவன் பிழைக்கவே கூடாது, பிழைக்கவே கூடாது'ன்னு கத்திக்கிட்டே இரு!"