எச்சில் பஞ்சு

என் தோழி மாளவிகாவின் அப்பா பழைய பொம்மை ரயில் எஞ்சின்களை வாங்கிச் சரிசெய்பவர். நூறு வருஷத்துப் பெயின்ட் சோப்புத் தண்ணீர் பட்டால் உரிந்துவிடும், மனித எச்சில் பட்டால் அழுக்கு மட்டும்தான் போகும் என்றார். அதற்கு மகளின் எச்சில். அவள் பஞ்சை நாக்கில் நனைத்துத் தருவாள். அவர் குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல எஞ்சினைத் துடைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டின் முதல் டிகிரி நான். இந்த வீட்டில் எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் காபி. இவளுக்கோ எச்சிலுக்குக்கூட மரியாதை.

"வாய் வறண்டு போச்சுப்பா," என்றாள் மாளவிகா.

"நான் தர்றேன் அங்கிள்."

"அய்யோ, உனக்கு எதுக்கும்மா சிரமம்..." எஞ்சினைத் தன் பக்கம் நகர்த்தினார்.

"மனுஷ எச்சில்தானே அங்கிள் வேணும்?"

மாளவிகா சிரித்தாள். "குடுங்கப்பா, இவ வாய் வறளவே வறளாது."

அவர் சிரிக்கவில்லை. நான் பஞ்சை நனைத்து, அவர் விரல்களுக்கு நடுவே தெரிந்த எஞ்சினின் கறுப்பில் அழுத்தித் தேய்த்தேன். அடியிலிருந்து தங்க நிறத்தில் ஒரு கோடு எழுந்து வந்தது. அவர் மூச்சு நின்றது. மாளவிகாவின் சிரிப்பும். கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே அடுத்த பஞ்சுக்குக் கை நீட்டினார். நான் ஒன்றை நனைத்து நீட்டினேன். மாளவிகாவும் நீட்டினாள்.

அவர் கை நடுவில் நின்றது.