கவிழ்த்து வைத்த கப்

ஸ்டோர்கீப்பரின் கைதான் தவறியது. ஆனால் கைக்கு அந்த யோசனையைச் சொல்லிக்கொடுத்தது வயிற்றெரிச்சல். ஆபீஸில் வரைபடம் போடுபவரின் நீலக் கப் தரையில் நாலு துண்டாகக் கிடந்தது.

எரியாதா பின்னே? இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்த மனிதரைக் கண்டால் ஆபீஸே "வாங்க சார்" என்கிறது; இவருக்கு வெறும் "என்னப்பா ஸ்டோர்!" காலையில் அலமாரியைத் திறந்தால் அவர் கப் பளபளவென்று கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். ராஜ உபசாரம்! ஸ்டோர்கீப்பர் பல்லைக் கடித்தபடி, பக்கத்திலிருக்கும் தன் கப்பை எடுத்துக் காபி ஊற்றிக்கொள்வார்.

சத்தம் கேட்டு, துப்புரவு பார்க்கும் அக்கா துடைப்பத்தோடு ஓடிவந்தார்.

"இனிமே உங்களுக்கு ஒரு கப் வேலை மிச்சம்க்கா. ஏன், அவர் கப்பைத்தான் கழுவி வைப்பீங்களா? நாங்கெல்லாம் மனுஷங்க இல்லையா? அப்படி என்ன சொக்குப்பொடி போட்டாரு?"

"நான் கழுவுறது தரையை மட்டும்தான் தம்பி. கப்பெல்லாம் அவருதான் கழுவுறாரு."

"எல்லா கப்பையுமா?"

அக்கா துண்டுகளைப் பொறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சாயங்காலம் நீங்க எல்லாரும் போட்டுட்டுப் போற அத்தனையும். உங்க கப்புக்குத்தான் ரொம்ப நேரம் ஆகும். அடியில காஞ்சுபோன சர்க்கரையை நகத்தால சுரண்டிட்டு இருப்பாரு."