பெயர் தெரியாத சார்

"டேய், நம்ம பொறுக்கி சாரோட நிஜப் பேரு என்னடா?"

மருந்துக்கடைக்காரர் கேட்டதும் வகுப்பறையே கொல்லென்று சிரித்தது. உள்ளே பிள்ளைகள் யாரும் இல்லை. தொப்பையும் வழுக்கையுமாய் ஏழெட்டுப் பழைய மாணவர்கள், சின்ன பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பொன்விழா. மலர் ஐந்து மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பழைய ஆசிரியர்கள் படத்தில் எல்லாருக்கும் பேர் போட்டாயிற்று. ஐந்தாவது நாற்காலிதான் பாக்கி.

"கீழே கிடக்குற துண்டு சாக்பீஸை எல்லாம் பொறுக்கிப் பொறுக்கி பாக்கெட்ல போட்டுக்குவாரே! அந்தப் பேரை வச்சவன் வாய்க்குச் சர்க்கரை போடணும்" என்றார் வக்கீல்.

"வச்சவன் இதோ உட்கார்ந்திருக்கானே!" மருந்துக்கடைக்காரர் இன்ஜினியர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "பேரையும் வச்சுட்டு, பயந்துபோய் சார் வர்ற பஸ்ஸை விட்டுட்டு அடுத்த பஸ்லதான் வருவான், பாவி!"

இன்ஜினியரும் சிரித்து வைத்தார். காது இரண்டும் சூடாகிவிட்டன. ஒன்பதாம் வகுப்பில், கடைசி பெஞ்சில் விளையாட்டாக விட்ட வார்த்தை. மறுநாளே கக்கூஸ் சுவர் வரைக்கும் போய்விட்டது. பொறுக்கி என்றால் இன்னோர் அர்த்தமும் இருக்கிறதே! அந்த அர்த்தத்தில்தான் பயல்கள் கத்தினார்கள், மனுஷர் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட.

"ஆபீஸ் ரிஜிஸ்டர்ல பார்த்தா என்ன?" என்றார் வக்கீல்.

"பார்த்தாச்சு. மழைத்தண்ணி ஒழுகி எல்லாம் கூழாக் கிடக்கு. டேய் இன்ஜினியர், நீதான் எதையும் மறக்க மாட்டியே, சொல்லேன்."

பேர் நாக்கு நுனியில் நின்றது. ஒரே ஒரு சொல். சொன்னால் 'உனக்கு மட்டும் எப்படிடா ஞாபகம்?' என்று அடுத்த கேள்வி வரும். இத்தனை பேர் நடுவில் அதற்குப் பதில் சொல்லும் தைரியம் அவருக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

"தெரியலைடா" என்றார்.

"ஆளாவது இருக்காரா, போயிட்டாரா?"

"அதுவும்... தெரியலை."

வெட்கம் பிடுங்கித் தின்றது. சொன்ன வாயை அங்கேயே தைத்துக்கொண்டால் தேவலை போலிருந்தது.

"சரி, 'கணித ஆசிரியர்'னு மொட்டையாப் போட்டுடு. நேரமாச்சு" என்று வக்கீல் முடித்துவிட்டார். முப்பத்தோரு வருஷம் அங்கே கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், பேரே இல்லாமல் அச்சகத்துக்குக் கிளம்பினார்.

இன்ஜினியர் வீட்டுக்குள் நுழைந்தபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் ஆவலாய்க் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"மலர்ல என் பேரை எழுத்துப் பிழை இல்லாமப் போட்டாங்களாப்பா?"

இன்ஜினியர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தலை குனிந்து நின்றார்.

பெரியவருக்குப் புரிந்துவிட்டது. "சரி, விடு. 'நீங்க என் அப்பான்னு ஸ்கூல்ல யாருக்கும் தெரியக் கூடாது'ன்னு ஒன்பதாவதுல என்கிட்ட சத்தியம் வாங்கினியே, அதை நானும் இன்னிக்கு வரைக்கும் மீறலை" என்றவர், மகனைப் பார்த்துச் சிரித்தார். "ஆனா ஒண்ணு, நீ வச்ச பேரையே போட்டிருந்தா எல்லாருக்கும் என்னைத் தெரிஞ்சிருக்கும்ப்பா."